‘மாட்டேன்’ என்னும் வினை

‘மாட்டு’ என்ற வினைக்குப் பழந்தமிழில் ‘இயலுதல்’ என்று பொருள். ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் ஆகாது’. காலப்போக்கில் இச்சொல் ஆற்றலை விட்டு விருப்பத்தின் பக்கம் நகர்ந்தது. இன்று ‘வரமாட்டேன்’ என்பவர் வரக்கூடியவர், ஆனால் வர மறுப்பவர். இயலாமையின் சொல் மறுப்பின் சொல்லானது மொழிக்குள் நடந்த ஒரு சிறிய கலகம்.

வேலைத்தலத்தில் இந்தக் கலகம் செல்லாது. வாரவிடுப்பு நாளில் போன் வருகிறது: ‘ஒரு ஆள் வரல. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சிஸ்டர்.’ யாரும் ‘மாட்டேன்’ என்பதில்லை. ‘உடம்புக்கு முடியல சார்’ என்கிறார்கள். தனக்குரிய நாளைத் தக்கவைக்கத் தன் உடலையே நோயுற்றதாகக் காட்ட வேண்டியிருக்கிறது. மொழி கடந்து வந்த தூரத்தை அதிகாரம் திரும்ப நடக்கச் சொல்கிறது.

இதைத் தனிமனிதக் கோழைத்தனமாக வாசிப்பது சுலபம். கணக்கைப் பார்ப்போம். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்பது தமிழ்நாட்டில் பழகிப்போன ஏற்பாடு. ஆளுக்கு 8 மணி நேரம், கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் வாரத்துக்கு 21 ஷிப்டுகள். மூவரும் ஆறு நாள் வேலை பார்த்தால் 18. மிச்சம் மூன்று ஷிப்டுகள் யாருடையவை? பிரசவ விடுப்பு, காய்ச்சல், சாவு வீடு எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. விடுப்பு காகிதத்தில் இருக்கும்போதே கணக்கில் ஒழிந்துவிட்டது.

ஆக, ‘ஒரு ஆள் வரல’ என்ற வாக்கியமே ஒரு மறைப்பு. நடந்தது ‘ஒரு ஆளைப் போடவில்லை’ என்பது. எழுவாயை மாற்றியதும் குற்றவாளியும் மாறிவிடுகிறார். நியமிக்காத நிர்வாகம் வாக்கியத்திலிருந்து நழுவ, வராத சக ஊழியர் கூண்டில் நிற்கிறார். ‘நீ வரலைன்னா பாவம், அவதான் ரெண்டு ஷிப்டு நிக்கணும்’ என்பது அடுத்த வாக்கியம். நிர்வாகத்தின் பற்றாக்குறை தொழிலாளர்களுக்கிடையிலான கடனாக மொழிபெயர்க்கப்படுகிறது. நாம் கொண்டாடும் தோழமையுணர்வையே நிர்வாகம் தன் வருகைப் பதிவேடாக வைத்துக்கொள்கிறது.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது யாரும் போட்ட பிச்சையில்லை. 1923 மே முதல் நாள் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். தொழில்துறைக்கு வார ஓய்வை வகுத்த 1921ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றதும் அதே 1923இல்தான். ஆனால் அது சுரங்கம், ஆலை, கட்டுமானம், போக்குவரத்துக்கானது. 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் தொழிற்சாலையின் மதிலுக்குள் நின்றது. ஆஸ்பத்திரி ‘சேவை’க்கான இடமாகிவிட்டது. 1977இல் செவிலியருக்கெனத் தனி உடன்படிக்கை வந்தது. அதை இந்தியா ஏற்கவில்லை.

2015இல் தேர்வெழுதி வந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தத்துக்கு எடுக்கப்பட்டனர். இரண்டாண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தபோது போராட்டத்துக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நிரந்தரமற்றவரின் வாயில் ‘மாட்டேன்’ எப்படி வரும்? ஒப்பந்தம் சம்பளத்தை மட்டுமா குறைக்கிறது? ஒரு வினைமுற்றையே பறித்துக்கொள்கிறது.

எங்கள் திருப்புல்லாணியில் இராமன் புல்லணையில் கிடக்கிறான். பக்தர்கள் அதைச் சயனம் என்கிறார்கள். தலக்கதையின்படி அவன் கடலிடம் வழி கேட்டுக் கிடந்தான். அது ஓய்வா? மனு. காதருகே போனை வைத்துக்கொண்டு விடுப்புநாளில் படுத்திருக்கும் செவிலியின் கிடையும் அப்படித்தான். அழைப்பு வராவிட்டாலும் அந்த நாள் அவளுடையதில்லை. பக்கத்துச் சேதுக்கரையில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூடும்போது பஸ் ஓட்டுகிறவர், குப்பை அள்ளுகிறவர், மருத்துவ முகாமில் நிற்கிறவர் எல்லோருக்கும் அது கூடுதல் வேலைநாள். ஊரின் விசேஷம் சிலருடைய ஓய்வைத் தின்றுதான் நடக்கிறது. இதில் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தண்ணீர் வண்டி தள்ளவும் துணி துவைக்கவும் இந்த ஒரு நாளைத்தான் வீடும் எதிர்பார்த்திருக்கிறது.

‘நடுராத்திரியில் பிரசவ வலியோடு வருகிறவள் என்ன பாவம் செய்தாள்?’ என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி, ஆனால் தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. பதினாறு மணி நேரம் நின்ற கையில் ஊசியைக் கொடுப்பது அந்தத் தாய்க்கும் செய்யும் துரோகம். செவிலியை நோயாளிக்கு எதிரில் நிறுத்திவிட்டு, பணியிட எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் ஒதுங்கிக்கொள்வதை எழுத்தாளர்களும் கண்டுகொள்வதில்லை. வெள்ளுடைத் தியாகம் பற்றிக் கவிதை எழுதுகிறோம். தியாகம் என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் நிரப்பப்படாத ஒரு பணியிடம் நியாயம் பெற்றுவிடுகிறது.

21ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. அரை மனுஷி கிடையாது. எனவே குறைந்தபட்சம் நான்கு பேர் வேண்டும். அந்த நான்காவது செவிலிக்கான கோரிக்கையைத் தனியொருத்தியின் ‘மாட்டேன்’ தாங்காது, அவளை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். அதற்குத் தன்மைப் பன்மை வேண்டும்: வரமாட்டோம்.