உறையவைத்த கருவும் ஒரு விசாரணைக் குழுவும்

புற்றுநோய் மருந்துகள் பெண்ணின் சூலகத்திலுள்ள கருமுட்டைகளை அழித்துவிடக்கூடும். எனவே சிகிச்சைக்கு முன்பே சூலகத் திசுவை எடுத்து உறையவைத்து, நோய் தீர்ந்தபின் மீண்டும் பொருத்துகின்றனர். இவ்வகையில் முதல் குழந்தை 2004-இல் பெல்ஜியத்தில் பிறந்தது.

உறையவைப்பதில் பெரும் பகை பனிப்படிகம். உயிரணுவிலுள்ள நீர் படிகமானால் சவ்வு கிழியும். டைமெதில் சல்ஃபாக்சைடு போன்ற காப்புப் பொருளை ஊறச்செய்து இதைத் தடுக்கிறார்கள். இப்பொருளைக் கொண்டே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி மனிதக் கருவொன்றை 53 நாட்கள் உறைநிலையில் காத்தார். 1978 அக்டோபர் 3-இல் பெண் குழந்தை பிறந்தது.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு இதை நம்ப மறுத்தது. குழுவின் தலைவர் ஒரு ரேடியோ இயற்பியலாளர்! இயற்பியல் ஆசிரியனான எனக்கே இது உறுத்துகிறது. ஐயப்படுவது குற்றமன்று. பெல்ஜியக் குழந்தைக்கான முட்டை ஒட்டுத்திசுவில் விளைந்ததா, உடலில் எஞ்சியிருந்த சூலகத்திலா என்றும் அறிஞர்கள் கேட்டார்கள், ஆய்வும் தொடர்ந்தது. முகர்ஜிக்கும் மீண்டும் செய்துகாட்ட வசதி தந்திருக்க வேண்டும். மாறாக, ஜப்பான் மாநாட்டுக்குப் போக அனுமதி மறுத்தார்கள். கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-இல் பம்பாயில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தையால் நாட்டிலேயே முதல்வர் எனப் பெயர்பெற்றவர் ஆனந்தகுமார். முகர்ஜியின் குறிப்புகளைப் படித்த அவரே, அப்பெருமை முகர்ஜிக்கு உரியது என்று 1997-இல் எழுதினார்.