ஹாக்கிங் நூலும் நம் அவசரமும்

ஸ்டீபன் ஹாக்கிங் 1988இல் வெளியிட்ட 'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' என்னும் நூலைப் பல ஆண்டுகளுக்கு முன் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்து முடித்து, முடித்துவிட்ட பெருமிதத்தோடு அலமாரியில் வைத்தவன் நான். அதனை மீண்டும் எடுத்து வரிவரியாகப் படிக்க வைத்தவன் செல்லூரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு மாணவன். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பதினொன்றாம் வகுப்பு படிப்பவன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைப் பற்றி வகுப்பில் பேசியபோது நான் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தேன். "ஒளி தோன்றுக என்று விவிலியம் சொன்னதைத்தான் விஞ்ஞானிகள் இன்று பெருவெடிப்பு என்கிறார்கள், நாம் என்றோ அறிந்த இடத்துக்கு அவர்கள் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்" என்றேன். பிள்ளைகள் மகிழ்ந்தனர். உண்மையைச் சொன்னால் அவர்களைவிட நான்தான் அதிகம் மகிழ்ந்தேன்.

இந்தப் பையன் 2023இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாட்களில் போகிறவன். ஹாக்கிங்கின் நூல் நலங்கிள்ளியின் மொழிபெயர்ப்பில் 'காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்' என்று தமிழில் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு வந்து கேட்டான்: "சார், உலகத்தின் தொடக்கத்தை ஆராயக் கூடாது என்று போப்பாண்டவர் விஞ்ஞானிகளிடம் சொன்னாராமே, உண்மையா? இன்னொன்று சார். பெருவெடிப்பு தப்பு என்று நாளைக்குக் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்னது என்ன ஆகும்?"

முதல் கேள்விக்கு விடை தேடலாம் என்று தோன்றியது. இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

நூலை மீண்டும் படித்தபோது அதன் நிறைகளும் குறைகளும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நிறையை முதலில் சொல்வதே முறை. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல் இது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று எச்சரிக்கப்பட்ட ஆசிரியர், ஐன்ஸ்டைனின் சமன்பாடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கால வெளியையும் கருந்துளைகளையும் சாதாரண மனிதனிடம் பேசத் துணிந்தார். புள்ளிகள் இட்ட பலூன் ஊதப்படும்போது எந்தப் புள்ளியும் மையமில்லாமலே ஒவ்வொரு புள்ளியும் மற்றவற்றிலிருந்து விலகுவதை அவர் காட்டும் பக்கம், விரியும் அண்டத்தைப் பற்றி எந்தப் பள்ளிப் பாடமும் தராத தெளிவைத் தருகிறது. பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் 1964இல் தங்கள் ஆன்டெனாவில் விடாது கேட்ட இரைச்சலின் காரணத்தைத் தேடியபோது, அதனுள் பறவையின் எச்சம் கிடந்ததைக் கண்டதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. அந்த இரைச்சல் அண்டத்தின் இளமைக்கால வெப்பத்தின் மிச்சம் என்று பின்னர் தெளிந்தது. அதற்காக இருவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இத்தகைய பக்கங்கள் குறைவு. முன்பாதியில் எப்படி அறிந்தோம் என்பதைப் பொறுமையாகச் சொல்லும் நூல், பின்பாதியில் என்ன அறிந்தோம் என்பதற்குத் தாவிவிடுகிறது. கற்பனைக் காலம், எல்லையற்ற அண்டம் என்ற கருதுகோள்களுக்கு வரும்போது வாசகன் கையில் அளவுகோல் எதுவும் இல்லை. ஆசிரியரை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்க வேண்டும். அறிவியல் நூல் நம்மைக் கொண்டு நிறுத்தக்கூடாத இடம் இது. அண்டத்துக்குத் தொடக்க விளிம்பே இல்லை என்றால் படைத்தவருக்கு இடமேது என்று ஹாக்கிங் கேட்பதும் இங்கேதான். சான்று மெலிந்த இடத்தில்தான் கேள்வி உரக்க ஒலிக்கிறது.

இனி எட்டாம் அதிகாரம். 1981இல் வத்திக்கானில் நடந்த அண்டவியல் கருத்தரங்கின் முடிவில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிஞர்களைச் சந்தித்தார் என்றும், பெருவெடிப்புக்குப் பின் நடந்ததை ஆராயலாம், பெருவெடிப்பையே ஆராயக் கூடாது, அது படைப்பின் கணம் என்று கூறினார் என்றும் ஹாக்கிங் எழுதுகிறார். தாம் அங்கே பேசிய பொருள் திருத்தந்தைக்குத் தெரியாமல் போனது நல்லதாயிற்று, கலிலேயோவுக்கு நேர்ந்தது தமக்கு நேர வேண்டாம் என்றும் நகைக்கிறார். கலிலேயோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1942 ஜனவரி 8 அன்று பிறந்தவர் அவர். அந்த ஒற்றுமை அவருக்குப் பிடித்தமானது.

திருத்தந்தை 1981 அக்டோபர் 3 அன்று திருப்பீட அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரை அச்சில் உள்ளது. அதில் தடை எதுவும் இல்லை. ஆதி அணு போன்ற எந்த அறிவியல் கருதுகோளும் அண்டத்தின் தொடக்கம் பற்றிய கேள்வியைத் திறந்தே விடுகிறது என்றும், அறிவியல் தன்னளவில் அதற்கு முடிவு காண இயலாது என்றும் அவர் கூறுகிறார். வானகம் எவ்வாறு உண்டானது என்று கற்பிப்பது விவிலியத்தின் நோக்கமன்று என்பதும் அதே உரையில் உண்டு. 'ஆராயாதீர்' என்பதற்கும் 'ஆராய்ந்தாலும் இந்தக் கேள்வி மீதமிருக்கும்' என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. நேர்ப்பேச்சில் வேறு ஏதேனும் சொல்லப்பட்டதா என்று வாதிட நான் முற்படவில்லை. அச்சிலுள்ள உரையை வாசகனுக்குக் காட்டாதது நூலின் குறையே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பீட அறிவியல் கழகம் 1975இல் ஹாக்கிங்குக்குப் பதக்கம் அளித்தது. 1986இல் அவரை உறுப்பினராக்கியது. 2018 மார்ச்சில் இறக்கும்வரை அவர் உறுப்பினராகவே இருந்தார். ஆய்வைத் தடுக்க நினைக்கும் சபை செய்யும் காரியமா இது?

எனினும் இதைக் கொண்டு நாம் நெஞ்சை நிமிர்த்தத் தேவையில்லை. கலிலேயோ 1633இல் தண்டிக்கப்பட்டார். அவரை விசாரித்தவர்கள் தவறினர் என்று திருத்தந்தை வெளிப்படையாக ஏற்றது 1992இல். இடையில் 359 ஆண்டுகள். ஹாக்கிங்கின் நகைச்சுவை நம்மைக் குத்துகிறது என்றால், குத்துவதற்கு இடம் வைத்தவர்கள் நாமே.

அதைவிடக் கூர்மையாக என்னைக் குத்தியது மூன்றாம் அதிகாரத்தின் ஒரு குறிப்பு. கத்தோலிக்கத் திருச்சபை பெருவெடிப்புக் கருத்தைப் பற்றிக்கொண்டு, 1951இல் அது விவிலியத்துக்கு இசைவானது என்று அறிவித்ததாக ஹாக்கிங் அங்கே எழுதுகிறார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாண்டு நவம்பர் 22இல் ஆற்றிய உரை அது. விசுவாசக் கோட்பாடாக எதையும் வரையறுத்த உரையன்று. இது முழுமையான சான்றாகாது என்ற எச்சரிக்கையும் அதற்குள்ளேயே உண்டு. ஆயினும் அன்றைய அறிவியல், ஆதி ஒளிக்குச் சாட்சி சொல்வது போல் தோன்றுகிறது என்ற தொனி அதில் இருந்தது. நான் செல்லூர் வகுப்பில் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. எச்சரிக்கையை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

அந்த உரையைக் கேட்டுக் கவலைப்பட்டவர் ஒரு நாத்திகர் அல்லர். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் என்னும் பெல்ஜிய நாட்டுக் குருவானவர்தான். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்து, 1923இல் குருப்பட்டம் பெற்று, லூவேன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அண்டம் விரிகிறது என்பதைக் கணக்கோடும் அன்றைய வானாய்வு அளவுகளோடும் இணைத்து 1927இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். ஹப்பிளின் கட்டுரை வந்தது 1929இல். அவரது கணிதம் சரி, இயற்பியல் அருவருப்பானது என்று ஐன்ஸ்டைன் முகத்துக்கு நேரே சொன்னாராம். 1931இல் அக்கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது, விரிவின் வேகத்தைக் கணித்த பகுதி விடுபட்டிருந்தது. யாரோ சதி செய்தார்கள் என்ற பேச்சு நெடுநாள் உலவியது. அப்பகுதியை நீக்கியவர் லெமைத்ரே என்பதை 2011இல் ஒரு பழைய கடிதம் காட்டியது. அதற்குள் புதிய அளவுகள் வந்துவிட்டதால், பழையதை மீண்டும் அச்சிடுவதில் பயனில்லை என்று கருதியிருக்கிறார். அந்த விதிக்கு அவர் பெயரையும் சேர்த்து வழங்குமாறு உலக வானியலாளர் சங்கம் 2018இல் பரிந்துரைத்தது. ஹாக்கிங்கின் நூல் ரஷ்யரான ஃப்ரீட்மனுக்குத் தரும் இடத்தை இவருக்குத் தரவில்லை, இது பெருங்குறை.

இந்த லெமைத்ர், வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபைத் தந்தை ஓ'கானலுடன் சேர்ந்து தம் கவலையைத் திருத்தந்தைக்கு எட்டச் செய்தார். 1952 செப்டம்பரில் உலக வானியலாளர்களிடம் திருத்தந்தை மீண்டும் பேசினார். அப்போது அந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது, பொருள்முதல்வாதி அதனை ஏற்றுக்கொண்டே கடவுளை மறுக்கவும் உரிமையுள்ளவன் என்பதே லெமைத்ரின் நிலை. காலையில் திருப்பலி நிறைவேற்றி, பகலில் அண்டத்தின் வயதைக் கணித்த ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதை வகுப்பில் பேசுவதற்கு முன் நான் அறிந்திருக்க வேண்டும்.

அவருக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினார் இதைத் தெளிவாக்கிவிட்டார். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பது விசுவாசத்தால் ஏற்கப்படுவது, பகுத்தறிவால் நிறுவ இயலாதது என்கிறார் அவர். வலுவற்ற வாதங்களைக் கொண்டு அதை நிறுவப் புகுந்தால் நம்பாதவர்கள் நகைக்க இடம் கொடுப்போம் என்றும் எச்சரிக்கிறார். படைப்பு என்பது என்றோ ஒருநாள் நிகழ்ந்து முடிந்த செயல் மட்டுமன்று. இந்தக் கணமும் அனைத்தும் இறைவனைச் சார்ந்தே இருக்கிறது என்பது அதன் பொருள். அண்டத்துக்குத் தொடக்க விளிம்பு இல்லை என்று ஹாக்கிங் நாளை மெய்ப்பிக்கப்பட்டாலும் இந்தச் சார்பு அறுந்துவிடாது. ஆகவே படைத்தவருக்கு இடமேது என்ற அவர் கேள்வி நம் சபையின் போதனையைத் தொடவில்லை. என் வகுப்பறைப் பேச்சைத்தான் தொடுகிறது. காலமும் படைப்பைச் சேர்ந்ததே என்ற புனித அகுஸ்தீனின் கருத்தை ஹாக்கிங் முதல் அதிகாரத்திலேயே மதிப்போடு எடுத்துரைக்கிறார். அந்த நூலை அடித்தளமாக வைத்தவர், மேல்மாடம் கட்டும்போது அதை மறந்துவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

இந்த அவசரம் நமக்கு மட்டும் உரியதன்று. மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியில் கோடிக்கணக்கான அண்டங்கள் பேசப்படுவதைக் காட்டி, விரியும் அண்டத்தை அவர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடைதோறும் கேட்கிறோம். அண்டங்களைக் கதிரொளியில் மிதக்கும் நுண்துகளுக்கு ஒப்பிட்டு இறைவனின் பெருமைமுன் மலைத்து நின்ற ஒரு பக்தரை, தொலைநோக்கி இல்லாத விஞ்ஞானியாக்குவதால் அவருக்கு என்ன உயர்வு? நெகிழ்ச்சி போய்விடுகிறது; அறிவியலும் வந்துசேர்வதில்லை.

தமிழில் இத்துறை நூல்கள் இல்லாமல் இல்லை. வழக்கறிஞராய் இருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் அறிவியலை எளிய தமிழில் எழுதிய பெ. நா. அப்புசாமி, 'கடவுள் இருக்கிறாரா?' என்று தலைப்பிலேயே கேள்விக்குறி வைத்த சுஜாதா, 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழ் என்று நன்றியோடு நினைக்கப் பலர் உண்டு. எனினும் நம் நூல்கள் பலவற்றில் ஓர் இழப்பு தொடர்கிறது. முடிவு தமிழில் வருகிறது. முடிவுக்கு வந்த வழி வருவதில்லை. 'பெருவெடிப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அக்கோட்பாட்டை ஏற்காத ஹாயல் 1949இல் வானொலியில் சொன்ன பெயரின் தமிழாக்கம் அது. சிவகாசிப் பட்டாசு கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, எங்கோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று வெடித்த காட்சியே மனத்தில் எழும். வெடித்த இடம் எது என்று கேட்பார்கள். இடமே விரிந்தது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. லெமைத்ரின் 'ஆதி அணு' எவ்வளவோ மேல்.

வழியைச் சொல்ல வெளிநாட்டுக்குப் போகவேண்டியதும் இல்லை. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். அந்தப் பெயர்ச்சியிலிருந்து அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று கணித்தார். விண்மீன் மண்டலங்கள் விலகுவதை அறிந்ததும் இதே கோடுகள் சிவப்பை நோக்கி நகர்வதை அளந்துதான். அங்கே நீள்வது இடமே என்ற வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்கிவிடலாம். மதுரையிலிருந்து நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் இந்த மலையிலிருந்து தொடங்கி அண்டத்தின் விரிவுக்கு வாசகனை அழைத்துச் செல்லும் தமிழ் நூல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. 2019 டிசம்பர் 26இல், கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், பக்கத்துத் திண்டுக்கல்லில் சூரியன் வளையமாய் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் இதைப் படிக்க ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில், முன்பு சொன்னது தவறு என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். தோமா அக்குவினாரைப் பற்றியும் லெமைத்ரைப் பற்றியும் பேசினேன். பாதிப் பேருக்குப் பழைய விளக்கமே பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கேள்வி கேட்டவன் மட்டும் லெமைத்ரின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான்.

என்னிடமுள்ள பிரதியின் எட்டாம் அதிகாரத்தில், 1981ஆம் ஆண்டு உரையின் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதி ஒரு தாளாகச் செருகி வைத்திருக்கிறேன். நூலை இப்போது அவன்தான் வாங்கிச் சென்றிருக்கிறான்.