இவான் இலியிச்சுக்கு என்ன நோய்?

"என்ன செய்யுது?"

"தலைக்குள்ள அழுத்தமா இருக்கு சார்."

"வலியா?"

"வலின்னு சொல்ல முடியாது."

"தலைசுத்தலா?"

"சில நேரம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். "ஆப் சரியா வேலை செய்யல" என்று ஒரே வரியில் புகார் அனுப்பும் வாடிக்கையாளரை நானும் அப்படித்தான் பார்ப்பேன். என்ன வெர்ஷன், எந்த ஸ்க்ரீன், எப்போது என்று நாலு கேள்வி கேட்பேன். பதில் தெளிவாக இல்லையென்றால் 'எங்கள் பக்கம் இந்தப் பிரச்சனை வரவில்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவேன்.

நாலு வருஷமாக இது இருக்கிறது. இறுக்கமான ஹெல்மெட் ஒன்றை யாரோ மாட்டிவிட்டு, கழற்ற மறந்துபோன மாதிரி. காதில் அடைப்பு. வெளிச்சத்தில் கூச்சம். மதியத்துக்கு மேல் தெரிந்த சொற்களே நாக்குக்கு வராமல் நழுவும். கண், காது மூக்கு தொண்டை, நரம்பு என்று மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. எம்ஆர்ஐ நார்மல், ரத்தம் நார்மல். ரிப்போர்ட் வந்த அன்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். மனைவி அவள் அண்ணனுக்கு போன் போட்டு "ஒண்ணுமில்லையாம்" என்றாள். நான் பைக் நிறுத்துமிடத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கட்டி இல்லை என்ற நிம்மதி இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் 'ஒண்ணுமில்லை' என்ற அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்ததும் இதே தலைதான்.

ஸ்கேனில் தெரியாத வலிகள் ஏராளம் என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. டென்ஷன் தலைவலிக்கும் மைக்ரேனுக்கும் படம் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். ஆக, என் கேள்வி மருத்துவத்திடம் இல்லை, வாசிப்பிடம். காரணம் தெரியாத நோயோடு வாழ்பவனுக்கு இலக்கியத்தில் என்ன இருக்கிறது?

*

இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் காட்டுவது வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் எழுதிய 'நோயுற்றிருத்தல் பற்றி' கட்டுரையை. வாழ்நாள் முழுக்கத் தலைவலியோடும் மனநோயோடும் மல்லுக்கட்டியவர் அவர். காதலைச் சொல்லக் கவிஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள், தலைவலியை டாக்டரிடம் சொல்லப் போகிறவனுக்கு மொழி கைகொடுப்பதில்லை என்பது அவர் ஆதங்கம். முதல்முறை படித்தபோது சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போது சந்தேகம் வந்தது.

நிஜமாகவே சொல் இல்லையா? தமிழில் தலை பாரமாக இருக்கும், கனக்கும், விண்விண்ணென்று தெறிக்கும், கிறுகிறுக்கும், நீர் கோத்துக்கொள்ளும், மண்டை இடிக்கும். (எனக்கு இருப்பது தலை கனம். அதையே ஒட்டி எழுதினால் திமிர் ஆகிவிடும்.) ஆங்கிலத்திலும் பஞ்சமில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார். குத்துவது வேறு, துடிப்பது வேறு, அழுத்துவது வேறு. நோயாளி தன்னுடையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே பற்றாக்குறை சொல்லில் இல்லை என்று நினைக்கிறேன். 'பாரமா இருக்கு' என்றால் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. புரிந்த அடுத்த நொடி அவர் கேட்பது, "ஏன்?" அதற்குத்தான் என்னிடம் பதிலில்லை. நம்மிடம் இல்லாதது கதை.

சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க் முப்பத்தொன்பது வயதில் மாரடைப்பையும், அடுத்த வருஷம் புற்றுநோயையும் பார்த்தவர். 1995இல் வந்த 'காயமுற்ற கதைசொல்லி' நூலில் நோய்க் கதைகளை மூன்றாகப் பிரிக்கிறார். நோய் வந்தது, வைத்தியம் நடந்தது, குணமானது: இது மீட்சிக் கதை. நோய் வழியாக ஒன்றைக் கண்டடைவது தேடல் கதை. மூன்றாவது குழப்பக் கதை. அதில் காரணமும் இல்லை, முடிவும் இல்லை. அப்புறம் இது, அதுக்கப்புறம் அது என்று நீண்டுகொண்டே போகும். கேட்பவர்களால் தாங்க முடியாத கதை இதுதான் என்கிறார். அலுவலக லிஃப்டில் "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்பவரிடம் மூன்று விநாடி தாமதித்துப் பாருங்கள், ஃபிராங்க் சொல்வது விளங்கிவிடும்.

*

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886) பற்றித் தமிழில் பேசும்போதெல்லாம் நாம் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுகிறோம். மரணம், பொய்யான வாழ்க்கை, கடைசி நேர ஒளி. நானும் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். போன வருஷம் திரும்ப எடுத்தபோது நடுப்பகுதியைத் தாண்ட முடியவில்லை.

புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறும் இவான் வழுக்கி, ஜன்னல் சட்டத்தின் குமிழில் விலா இடித்துக்கொள்கிறார். அதோடு சரி, சிரித்து மறந்துவிடுகிறார். பிறகு வாயில் ஒரு விநோத ருசி. இடது பக்கத்தில் ஒரு சங்கடம், வலி என்றுகூடச் சொல்ல முடியாத ஒன்று. டாக்டரிடம் போகிறார். இடம் பெயர்ந்த சிறுநீரகமா, நாட்பட்ட அழற்சியா, குடல்வாலா என்று டாக்டர் ரசித்து விவாதிக்கிறார். ஆபத்தா இல்லையா என்ற இவானின் ஒரே கேள்வி அவருக்குப் பொருத்தமற்றதாகப் படுகிறது. அப்போது நீதிபதியான இவானுக்கு ஒன்று உறைக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களிடம் தான் காட்டிவந்த அதே தோரணையை இப்போது டாக்டர் தன்னிடம் காட்டுகிறார்.

இங்கே புத்தகத்தை மூடி வைத்தேன். நான் மூடிய டிக்கெட்டுகள் நினைவுக்கு வந்தன.

அடுத்து வருவதெல்லாம் எனக்குத் தெரிந்த வாழ்க்கை. வேறு டாக்டர், வேறு கருத்து. மருந்தை வேளைக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்று நம்பும் மனைவி பிரஸ்கோவியா. ஓர் இரவு இவான் தன் குடல்வாலைக் கற்பனையில் சரிசெய்துகொண்டே படுத்திருக்கிறார். என் கற்பனைக்கு எக்செல் ஷீட் என்று பெயர். தூக்கம், காபி, ஸ்க்ரீன் நேரம், வானிலை என்று பதினாலு மாசம் நிரப்பினேன். ஒரு தொடர்பும் தேறவில்லை. உடம்பை நான் 'பக்' என்ற உவமைக்குள் அடைத்திருந்தேன். எங்கோ ஒரு தவறான வரி இருக்கும், கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது. சூசன் சொன்டாக் 1978இல் 'நோய் என்னும் உருவகம்' நூலில் எச்சரித்தது காசநோய், புற்றுநோய் உருவகங்களைப் பற்றி. பொறியாளனின் உருவகமும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான்.

கடைசிவரை டால்ஸ்டாய் நோயின் பெயரைச் சொல்வதில்லை. இது மறதி என்று நான் நம்பவில்லை. "நோய் ஒரு சாக்குதான்டா, கதை ஆன்மாவைப் பத்தினது" என்று நண்பன் வாதாடினான். இருக்கலாம். ஆனால் புற்றுநோய் என்று ஒரு வரி இருந்திருந்தால் நாம் புற்றுநோய்க்குப் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். பெயரில்லாததால்தான் வீட்டார், டாக்டர், சக நீதிபதிகள் என்று ஒவ்வொருவரும் அந்த மனிதரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

அதில் தேறுபவன் ஒருவன்தான், வேலைக்காரப் பையன் கெராசிம். இவானின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் வலி குறைகிற மாதிரி இருக்கிறது. அதனால் இரவெல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். காலுக்கும் விலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்பதில்லை.

*

இதைவிட நெருக்கமாக இருந்திருக்க வேண்டிய புத்தகம் மேகன் ஓ'ரூர்க்கின் 'கண்ணுக்குத் தெரியாத ராஜ்ஜியம்' (2022). பல வருஷம் காரணம் பிடிபடாமல் அலைந்த அமெரிக்கக் கவிஞர் அவர். நம்பப்படாமல் இருப்பதன் தனிமையை இவ்வளவு நேராக எழுதி நான் படித்ததில்லை. ஆனால் பிற்பகுதியில் லைம் நோய்க்கான சிகிச்சையில் அவர் தேறத் தொடங்குகிறார். அங்கே எனக்கு வந்தது பொறாமை, வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். முழுதாகக் குணமானதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தும் ஒரு பெயர் கிடைத்ததும் அதுவரை வந்த பக்கங்கள் ஒரு துப்பறியும் கதையின் தடயங்களாக மாறிவிடுகின்றன. அது அவர் பிழையல்ல, வடிவத்தின் இழுவிசை.

பெயர் கிடைத்தால் மட்டும் என்ன? அல்ஃபோன்ஸ் தோதேவுக்குப் பெயர் தெரியும். சிஃபிலிஸ் தண்டுவடத்தைத் தாக்கியிருந்தது. 1897இல் அவர் இறந்து, 1930இல் வெளிவந்த குறிப்புகளில் கதையே இல்லை. இன்றைய வலி இப்படி, நேற்றையது அப்படி, அவ்வளவுதான். எனக்கு மிக உண்மையாகப் பட்ட வடிவம் அந்தத் துண்டுக் குறிப்புகள்.

டால்ஸ்டாயிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இவான் செத்துப்போகிறார். குழப்பக் கதைக்கு அவர் கண்ட ஒரே முற்றுப்புள்ளி மரணம். நான் படித்த தமிழ்க் கதைகளிலும் நோய் பெரும்பாலும் சாவுக்கு முந்தைய அத்தியாயமாகத்தான் வருகிறது. நான் சாகப்போவதில்லை. திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கில் இதே தலையோடு உட்காரப்போகிறேன். இந்த நடுப்பகுதிக்கு, முடிவே வராத நடுப்பகுதிக்கு, யாராவது எழுத வேண்டும். அது சலிப்பாக இருக்கும் என்பார்கள். ஆமாம், சலிப்பாகத்தான் இருக்கும்.

மனைவிக்கு கெராசிமைப் பற்றிச் சொன்னேன். "நான் என்ன அந்த பிரஸ்கோவியாவா?" என்று கோபித்துக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சு சரியில்லை. இப்போதும் டாக்டரிடம் போய் வந்தால் "என்ன சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறாள். ஆனால் சில சாயங்காலங்களில் நான் வீட்டுக்குள் நுழையும் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஹால் டியூப்லைட்டை அணைத்துவிடுகிறாள். இருட்டில் இரண்டு பேரும் டீ குடிக்கிறோம்.