காரேஜ் ராக், பங்க் ராக்: பாணிகளும் லட்சணங்களும்

அமெரிக்க இளைஞர்கள் தங்கள் வீட்டு மோட்டார்க் கொட்டகைகளில் கித்தாரும் டிரம்ஸும் வைத்துப் பழகிய 1960-களில் பிறந்து, 1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் என்னும் பெயர் பூண்டு, இன்றளவும் சிறு மண்டபங்களிலும் ஏழு அங்குல இசைத்தட்டுகளிலும் ஜீவித்து வருகிற சங்கீதம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வெறும் கூச்சல் என்றும், வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்களின் விளையாட்டு என்றும், இலக்கணமும் சம்பிரதாயமும் அற்றது என்றும் சொல்லி அப்பால் போய்விடுவோர் பலர். அந்தத் தட்டுகளைத் தேடி வாங்கி, ஊசி தேயத் தேயக் கேட்டு வந்திருக்கிற ரசிகன் என்ற முறையில் அந்த அபிப்பிராயத்தை நான் முற்றாக மறுக்கிறேன். இந்த மரபுக்கு லட்சணம் உண்டு. அதில் தேறுவதும் எளிதன்று. விரல் வித்தையை அது பொருட்படுத்துவதில்லை என்பதைக் கொண்டு, எதையுமே அது பொருட்படுத்துவதில்லை என்று முடிவு கட்டிவிடுவது அவசரம்.

அந்த லட்சணம் எது என்று கேட்பவருக்கு நான் முதலில் எடுத்து வைப்பது 'லூயி லூயி' என்ற தட்டைத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1957-இல் வெளியிட்ட அந்தப் பாட்டை, ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் கிங்ஸ்மென் என்னும் இளைஞர் குழுவினர் 1963 ஏப்ரலில் பதிவு செய்தார்கள். மைக் உயரத்தில் தொங்கியதால், பாடிய ஜாக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது; வாத்திய ஒலியில் வார்த்தைகள் அமிழ்ந்து போயின. கித்தார் தனியாக வாசித்து முடித்து மீண்டும் பாட்டு எடுக்க வேண்டிய இடத்தில், அவர் சற்று முன்னதாகவே வாய் திறந்துவிட்டு, பிழையை உணர்ந்து சட்டென்று நிறுத்துகிறார். அந்த இடைவெளியை டிரம்ஸ்காரர் ஓர் உருட்டு உருட்டி நிரப்ப, பாட்டு ஒரு கணமும் தளராமல் மேலே ஓடுகிறது. வேறு இடமாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி பாடச் சொல்லியிருப்பார்கள். இங்கே அப்படியே தட்டாயிற்று. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை ஏறிற்று. வார்த்தை புரியாததால் அதில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று புகார்கள் கிளம்ப, எஃப்.பி.ஐ. இலாகாவே விசாரணை நடத்தி, எந்த வேகத்தில் சுழற்றிக் கேட்டாலும் ஒன்றும் விளங்கவில்லை என்று விட்டுவிட்டது. அந்த உருட்டு விழும் இடத்தை ஊன்றிக் கேட்டவர்களுக்கு இம்மரபின் முதல் லட்சணம் புலப்பட்டுவிடும்: பாட்டின் ஓட்டம் முறியாதிருக்குமாயின் பிழை மன்னிக்கப்படும், ஓட்டம் முறிந்துவிட்டால், பிழையே இல்லாத வாசிப்பும் மன்னிக்கப்படாது.

அந்த வடமேற்கு வட்டாரத்துப் பாணியை அதன் உச்சத்தில் கேட்க விரும்புவோர் டகோமா நகரத்து சானிக்ஸ் குழுவினரின் 1965-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்க வேண்டும். ஜெர்ரி ரோஸ்லியின் தொண்டையிலிருந்து புறப்படும் அலறலும், ஒற்றை மைக்கில் பிடித்த டிரம்ஸின் முழக்கமும், பக்கத்திலேயே உறுமும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று நெருக்கியடித்துக் கொண்டு வருவதைக் கேட்கும்போது, கருவிகளின் வறுமையே நாதத்தின் வலிமையாக மாறியிருப்பதை உணரலாம். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினரைத் தொலைக்காட்சியில் 7 கோடிக்கும் அதிகமானோர் கண்ட பிறகு, அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இத்தகைய குழுக்கள் முளைத்தன. டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினில் 'தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' குழுவினர் ஜாடியின் வாயில் ஊதி எழுப்பும் ஒலியை மைக்கில் பிடித்து வாத்தியமாக்கினார்கள். மிச்சிகனில் மெக்ஸிகோவிலிருந்து வயல் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அமைத்த 'க்வெஸ்ச்சன் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ்' குழு, மெல்லிய மின் ஆர்கன் ஒலியை ஆதாரமாகக் கொண்ட ஒரு பாட்டால் 1966-இல் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பெரு நாட்டு லிமாவில் லோஸ் சைக்கோஸ் என்ற குழு 1965-லேயே ஸ்பானிய மொழியில் அலறியிருக்கிறது. ஜெர்மனியில் இருந்த முன்னாள் அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் உச்சந்தலையைத் துறவிகளைப் போல் மழித்துக்கொண்டு 'மங்க்ஸ்' என்ற பெயரில் வாசித்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இவர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இதை ஒரு பாணி என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பத்தாண்டு முடிவதற்குள் அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை கலைந்துபோயின. கட்டாய ராணுவ சேவையும் கல்லூரியும் உத்தியோகமும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. சில நூறு பிரதிகளே அச்சான தட்டுகள் பழைய சாமான் கடைகளில் கிடந்தன. பழஞ்சுவடி தேடி அலைந்த புலவர்களைப் போல அவற்றைத் தேடிச் சேர்த்த ரசிகர்கள் இல்லாவிட்டால் இந்த மரபு அன்றே அற்றுப்போயிருக்கும். லென்னி கே என்பவர் 27 பாட்டுகளைத் தெரிந்தெடுத்து, 1972-இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் மூலம் 'நக்கெட்ஸ்' என்னும் இரட்டைத் தட்டாக வெளியிட்டார். அவரே பின்னர் பாட்டி ஸ்மித்தின் குழுவில் கித்தார் வாசித்தார் என்பது கவனிக்கத்தக்கது. சேகரித்தவரும் வாசித்தவரும் ஒருவரே. 1978-இல் தொடங்கிய 'பெப்பிள்ஸ்' வரிசையும், 1983 முதல் டிம் வாரன் வெளியிட்ட 'பேக் ஃப்ரம் த கிரேவ்' வரிசையும் இன்னும் ஆழத் தோண்டின. இவற்றில் வாரனின் ரசனையே எனக்கு உகந்தது. சாந்தமான பாட்டுகளை அவர் தயவுதாட்சண்யமின்றித் தள்ளிவிட்டு, முரட்டுப் பாட்டுகளை மட்டுமே வைத்துக்கொண்டார்.

இடையே டெட்ராய்ட் வட்டாரத்து எம்.சி.5 குழுவும், இக்கி பாப் பாடிய ஸ்டூஜஸ் குழுவும் 1969-இல் தங்கள் முதல் தட்டுகளை வெளியிட்டுப் பழைய பாணிக்கும் புதிய பாணிக்கும் பாலமிட்டதைச் சொல்லிவிட்டு, நியூயார்க்குக்கு வருகிறேன்.

பவரி வீதியில் ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சி.பி.ஜி.பி. என்ற குறுகலான மதுக்கூடத்தில், மறு ஆண்டு ஆகஸ்டில் ராமோன்ஸ் குழுவினர் முதன்முதலாக மேடையேறினார்கள். 1976-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு சுமார் 6,400 டாலர் செலவில் உருவானது. 14 பாட்டுகளும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கித்தார்க்காரர்கள் கார்டு என்று சொல்லும் ஸ்வரக் கூட்டுகள் நாலைந்துக்கு மேல் பெரும்பாலும் வேண்டியிருக்காது என்பதால் இதை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம் என்று எண்ணுவோர், ஜானி ராமோனின் வலக்கையைப் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாக மாறி மாறி மீட்டுவதே கைக்குச் சுலபமான வழி. அவரோ ஒவ்வொரு மீட்டலையும் மேலிருந்து கீழாகவே அடித்தார். கச்சேரி முழுவதும், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஓய்வில்லாமல், நாலு எண்ணி முடித்ததும் அடுத்த பாட்டுக்குள் பாய்ந்துகொண்டே அப்படி அடித்தார். அதனால்தான் அந்தக் கித்தார் ஒலி மேடு பள்ளம் தெரியாமல் ஒரு சுவர்போல நிற்கிறது. பயிற்சியுள்ள வாத்தியக்காரர்கள் பலர் அந்த வேகத்தில் நான்கு பாட்டு தாண்டுவதற்குள் மணிக்கட்டு மரத்துப் போய் நிறுத்திவிடுவார்கள். இதைச் சாதகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இங்கிலாந்துப் பாணியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினரின் கலகத்தைப் பற்றியே எழுதிவிட்டார்கள்; ஆகவே நான் அவர்களை விட்டு, மான்செஸ்டருக்குப் போகிறேன். 1976 ஜூன் 4-ஆம் தேதி லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் பிஸ்டல்ஸ் கச்சேரியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் பஸ்காக்ஸ் என்ற தங்கள் குழுவுக்காகக் கடன் வாங்கிய 500 பவுனில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்று தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். அதன் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்ததில் எடுக்கப்பட்டது என்பதையும், மேலே எதைச் சேர்த்துப் பதிந்தோம் என்பதையும் அச்சிட்டிருந்தார்கள். தட்டு தயாரிப்பது பெரிய கம்பெனிகளின் ரகசிய வித்தை என்று நம்பியிருந்த ஜனங்களுக்கு, அந்த உறை செய்முறை விளக்கமாகவே அமைந்தது. அதைக் கண்டு தாங்களும் தட்டு போடலாம் என்று கிளம்பிய குழுக்கள் ஏராளம். அந்தத் தட்டின் ஒரு பாட்டில் ஷெல்லி இரண்டே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு கித்தாரில் தனி வாசிப்பு வாசிக்கிறார். மூன்றாவது ஸ்வரம் வந்துவிடுமோ என்று எதிர்பார்க்க வைக்கிறார். மிகச் சிறந்த தனி வாசிப்புகளில் அதுவும் ஒன்று என்பது என் துணிபு.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து செய்ண்ட்ஸ் குழுவினர் இதற்கும் முன்னதாக, 1976 செப்டம்பரிலேயே சொந்தச் செலவில் தட்டு வெளியிட்டிருந்தார்கள் என்பதை லண்டன் பிரியர்கள் மறந்துவிடக் கூடாது. லண்டன் செய்த தனிச் சேவை வேறு. பெண்கள் துணைப் பாடகிகளாக இன்றி, குழுவின் தலைமையிலேயே நின்று எக்ஸ்ரே ஸ்பெக்ஸிலும் ஸ்லிட்ஸிலும் முழங்கினார்கள். ராக்ஸி கிளப்பில் ஒலிக்க விடப் போதுமான பங்க் தட்டுகள் இன்னும் வெளிவராத நிலையில், டான் லெட்ஸ் ரெகே தட்டுகளைச் சுழற்ற, ஜமைக்காவின் தாளம் இந்தச் சங்கீதத்தோடு கலந்தது. அந்தக் கலப்பின் முதன்மையான வாரிசு கிளாஷ் குழு. அவர்களுடைய 1982-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் இசைத் துணுக்கை எடுத்துத்தான், ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டை 2007-இல் வெளியிட்டார்.

வாஷிங்டன் பாணியை நான் ஒழுக்கப் பாணி என்று அழைப்பேன். டீன் ஐடில்ஸ் குழு கலைந்தபோது கையிலிருந்த 600 டாலர் அளவான சேமிப்பைப் பங்கிட்டுக் கொள்ளாமல், அதைக் கொண்டு ஒரு தட்டு அச்சிட்டு, உறைகளைத் தங்கள் கையாலேயே வெட்டி மடித்து ஒட்டி, டிஸ்கார்ட் என்ற ஸ்தாபனத்தை இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் தொடங்கினார்கள். மக்காய் பிறகு அமைத்த ஃபுகாஸி குழு, கச்சேரிக்குக் கட்டணம் 5 டாலர் என்றும், எவ்வயதினரும் வரலாம் என்றும் நெடுநாள் பிடிவாதமாக இருந்தது. கூட்டத்தில் யாரேனும் பிறரை இடித்துக் காயப்படுத்தினால், வாசிப்பை நிறுத்தி, ஐந்து டாலரை உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து 924 கில்மன் வீதி மண்டபம், மதுவும் வன்முறையும் இனவெறியும் கூடாது என்ற விதிகளைச் சுவரிலேயே எழுதி வைத்தது. அங்கே வளர்ந்த கிரீன் டே குழுவினர் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்ததும் அவர்களுக்கே அந்த மேடை மறுக்கப்பட்டது. விதி கடுமையானதுதான். ஆயினும் லட்சங்களில் விற்கும் குழுவுக்கு ஆயிரம் மேடைகள் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளின் முதல் குழுவுக்கு அந்த ஒரு மேடைதான் உண்டு என்பதை எண்ணும்போது, அந்த விதியின் பக்கமே நான் நிற்கிறேன்.

பழைய காரேஜ் பாணியைப் புதுப்பித்தோரில், பேஸ் கித்தாரே இல்லாமல் இரண்டு கித்தார்களைக் கொண்டு வாசித்த கிரேம்ப்ஸ் குழுவையும், இங்கிலாந்தில் சாட்டம் நகரத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட தொகுப்புகளை வெளியிட்ட பில்லி சைல்டிஷையும் சொல்லாமலிருக்க முடியாது. ஆனால் என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானவர்கள் டெட் மூன் குழுவினர். 1960-களிலேயே லாலிபாப் ஷாப் என்ற குழுவில் பாடிய ஃப்ரெட் கோல், 1987-இல் மனைவி டூடியையும், டிரம்ஸுக்கு ஆண்ட்ரூ லூமிஸையும் சேர்த்துக்கொண்டு ஆரிகனில் அதைத் தொடங்கினார். தட்டுக்கு மூலப் பிரதி வெட்டும் பழைய பிரெஸ்டோ இயந்திரத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தாமே பள்ளம் கீறி, மோனோவில் வெளியிட்டார். 'லூயி லூயி'யை வெட்டியதும் அதே இயந்திரம்தான் என்பது இம்மரபில் வழங்கும் வரலாறு. கச்சேரியில் டிரம்ஸின் மேல் ஒரு புட்டியில் மெழுகுவர்த்தி எரியும். கணவனும் மனைவியும் முகத்தோடு முகம் பார்த்துப் பாடுவார்கள். சுருதி சில இடங்களில் விலகும். உள்ளம் ஒரு போதும் விலகாது. லூமிஸ் 2016-லும் கோல் 2017-லும் காலமானார்கள்.

இவ்வளவையும் தொகுத்து நோக்குகையில், நல்ல தட்டையும் போலித் தட்டையும் பிரித்தறிவது கடினமன்று. வசதியான ஸ்டூடியோவில் சுத்தமாக வாசித்துவிட்டு, பின்னர் கரகரப்பை மேலே பூசுகிறவர்கள் இன்று மிகுதி. அந்தப் பூச்சு இரண்டாம் முறை கேட்கும்போதே உரிந்துவிடும். ஒரே அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்த தட்டில், டிரம்ஸின் ஒலி பாடுபவரின் மைக்கிலும் கசிந்திருக்கும். வேகம் எடுக்கும் இடத்தில் நால்வரும் சேர்ந்தே எடுப்பார்கள். கச்சேரிக்கும் இதுவே அளவு. மேடையின் உயரம் ஒரு சாணுக்கு மேல் போனால் பாதி ரசம் கெடும். பாடுபவரின் வேர்வை முன்வரிசையில் தெறிக்கும் தூரத்தில் நின்று, பேஸ் பெட்டியின் அதிர்வை நெஞ்செலும்பில் வாங்கிக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று ஏங்க வைப்பதுதான் நல்ல கச்சேரி. முடிந்ததும் வாசித்தவரே மூலையில் உள்ள மேஜைக்கு வந்து தட்டு விற்பார்.

ரசிகர்கள் இந்த மரபுக்குப் பட்ட கடனைத் தீர்த்த ஒரு சம்பவத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி புயலின் வெள்ளம் புரூக்ளினில் நார்ட்டன் ரெக்கார்ட்ஸின் கிடங்கில் புகுந்து, அரும்பாடுபட்டு மறுபதிப்புச் செய்த தட்டுகளையெல்லாம் சேற்று நீரில் மூழ்கடித்தபோது, தொண்டர்கள் திரண்டு வந்து தட்டுகளை ஒவ்வொன்றாக உறை நீக்கிக் கழுவித் துடைத்து உலர்த்திக் கொடுத்தார்கள்.

இந்தச் சங்கீதத்தில் புதிதாகப் புகுவோர் 'நக்கெட்ஸ்' தொகுப்பில் தொடங்கி, சானிக்ஸுக்கும் ராமோன்ஸுக்கும் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்'சுக்கும் வந்து, பிறகு டெட் மூனைக் கேட்கலாம். அதற்கு மேல் என் சிபாரிசு தேவைப்படாது. உங்கள் ஊரில் ஏதேனும் சிறு குழு தன் சொந்தப் பாட்டை வாசிக்கிறது என்று கேள்விப்பட்டால், இலவச அனுமதி கேட்காமல் வாசலில் காசு கொடுத்து உள்ளே செல்லுங்கள். அவர்கள் தட்டு வெளியிட்டிருந்தால் அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள்.