துறவியின் கல் உறையுள்: செய்தவர் யார்?

கீழ்வேளூர் வண்டல் நிலம். அருகில் குன்றுகள் இல்லை. கேடிலியப்பர் கோயிலின் கருங்கல்லும் வெளியிலிருந்து வந்ததே. எனவே துறவியரின் கல் உறையுளைக் காணக் காவிரியின் வழியே மேற்கே, கரூர் மாவட்டப் புகழூர் ஆறுநாட்டார் மலைக்குச் செல்லவேண்டும்.

இத்தகைய உறையுள்களைத் துறவியர் தம் கையாலேயே செதுக்கிக்கொண்டனர் என்னும் கருத்து பொதுவழக்கில் உண்டு. தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இதற்கு இடந்தரவில்லை. மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி, கணிநந்தனுக்காகப் பள்ளியைக் 'கொட்டுபித்த' செய்தி உள்ளது. இப்பிறவினை, கொடையாளியையும் உளி பிடித்தவனையும் வேறுபடுத்துகிறது. புகழூரில் யாற்றூர்ச் செங்காயபனின் உறையுளுக்கு இளங்கடுங்கோ 'அறுத்த' கல் என்று தன்வினையே வருகிறது. இளவரசன் உளி பிடித்திருப்பான் எனக் கொள்வது பொருந்தாது. கல்தச்சனின் வினை இங்குக் கொடையாளியின் பெயரில் ஏறிவிட்டது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் குமுழூரில் பிறந்த காவுதி ஈதனுக்கு இளையர் 'செய்த' இருக்கை குறிக்கப்படுகிறது. இளையர் கொடையாளரா, கல்தச்சரா என்பதை இவ்வினை மட்டும் கொண்டு துணிய இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு: இம்மூன்றிலும் துறவி பெறுபவரே, எழுவாய் அல்லர்.

'சமணர் படுக்கை' என்னும் வழக்குப்பெயர் உறைந்தவரை மட்டும் சுட்டி, ஈந்தவரையும் செதுக்கியவரையும் மறைக்கிறது. உண்மையில் அக்கல்லில் பதிந்திருப்பது துறவியின் தனிமையன்று. அவரைத் தாங்கிய சமூகத்தின் உறவு.

இவ்வுறவு கல்லில்லா நாட்டிலும் இருந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் கீழ்வேளூர் வட்டத்து ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். கொடையைச் செப்பேடு காத்தது. நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பௌத்தச் செங்கல் கோபுரமோ 1867-இல் அரசின் இசைவுடன் இடிக்கப்பட்டது. 1846-இல் வால்டர் எலியட் அதை மூன்று நிலைகளோடு கண்டிருந்தார்.

கல் தானே நிலைத்தது. செங்கல்லுக்குக் காவல் தேவைப்பட்டது, அது கிட்டவில்லை. மரபுச் சின்னங்களின் பட்டியலைக் கொண்டே துறவியர் வாழ்விடங்களின் பரப்பை வரைவோமாயின், குன்றுள்ள நாடே துறவு நாடாகத் தோன்றும். உறையுளின் வரலாற்றை அதன் பொருளிலிருந்து தொடங்காமல் கொடையிலிருந்து தொடங்கினால், மருதநிலமும் அவ்வரலாற்றில் தன் இடத்தைப் பெறும்.