நிக்காஹ் எப்போது செல்லும்?

சென்னை சாந்தோமில் புனித தோமாவின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் யாத்திரை வந்ததாக, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். இன்றும் பேராலயத்துக்கு அருகில் தொடங்கி லஸ் நோக்கிப் போகும் கச்சேரி சாலையில் பழைய பள்ளிவாசல் ஒன்று உண்டு. இப்படி அருகருகே வாழும் இரு சமூகங்களின் தேவாலயத்துத் திருமணத்துக்கும் நிக்காஹுக்கும் இரண்டு பொதுவானவை: இருதரப்புச் சம்மதம், இரு சாட்சிகள். ஆனால் கத்தோலிக்கத் திருமணம் ஓர் அருட்சாதனம். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தபடி பங்குக் குருவின் முன்னிலையும் அதற்கு வேண்டும். நிக்காஹோ ஓர் ஒப்பந்தம். குத்பா (திருமண உரை) ஓதி நடத்திவைக்க ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) வருவது நல்ல வழக்கம். அவர் இல்லாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போய்விடாது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமும், திருமணத்துக்குக் காஜி வந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் எவை இல்லாமல் நிக்காஹ் செல்லாது? இங்கேதான் மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) பிரிகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி மத்ஹப் வேரூன்றியது. ராவுத்தர்களும் திருவல்லிக்கேணியின் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனபிகள். சென்னையில் இரு தரப்பும் சம்பந்தம் செய்துகொள்வதால் இது ஏட்டோடு நிற்கும் கேள்வி அல்ல.

ஷாபி மத்ஹபில் ருக்ன்கள் (அடிப்படைக் கூறுகள்) ஐந்து: மணமகன், மணமகள், வலீ (பொறுப்பாளர்), இரு சாட்சிகள், ஈஜாப்-கபூல் (முன்மொழிவும் ஏற்பும்). வலீ என்பவர் பெண்ணின் தந்தை. அவர் இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனார், சகோதரர் என்று வரிசை போகும். வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை என்ற ஹதீஸே இதற்கு அடிப்படை. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளும் வலீயைக் கட்டாயமாக்குகின்றன. ஹனபி மத்ஹபில் பருவமடைந்த, அறிவுத் தெளிவுள்ள பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம். தன் சொத்தைத் தானே விற்க உரிமை உள்ளவளுக்குத் தன் மணத்தில் மட்டும் ஏன் இல்லை என்பது அவர்கள் வாதம்; மணமுடிக்கும் செயலைப் பெண்ணுக்கே உரியதாகச் சொல்லும் குர்ஆன் வசனங்களையும் காட்டுவார்கள். எனினும் மாப்பிள்ளை பொருத்தமற்றவராக இருந்தாலோ அவர் தரும் மஹர் (மணக்கொடை) குறைந்தாலோ வலீ ஆட்சேபிக்கலாம்.

சாட்சி விஷயத்தில் ஷாபிகள் நேர்மையான இரு ஆண்களைக் கேட்கிறார்கள். ஹனபிகளுக்கு ஓர் ஆணும் இரு பெண்களும் போதும். மாலிகிகளோ ஒப்பந்த நேரத்தில் சாட்சி இல்லாவிட்டாலும் தம்பதி கூடுவதற்கு முன் சாட்சி வேண்டும் என்பார்கள். வழி வேறானாலும் எல்லோரும் தடுக்க நினைப்பது ரகசியத் திருமணத்தைத்தான்.

மஹர் மனைவியின் உரிமை. குறிப்பிட மறந்தாலும் நிக்காஹ் செல்லும். அவள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைத்த அளவு, அதாவது மஹர் மிஸ்ல், அவளுக்குச் சேரும். ஹனபிகளுக்குக் குறைந்தபட்சம் 10 திர்ஹம். ஷாபிகளுக்குக் கீழ் எல்லை இல்லை. எல்லை இல்லை என்ற சலுகையைப் பிடித்துக்கொண்டு பெயருக்கு ஒரு தொகையை தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) எழுதிவிட்டு, மறுபக்கம் கைக்கூலியை (வரதட்சணையை)ப் பவுன் கணக்கில் பேசும் வழக்கத்துக்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

மிகக் கூர்மையான வேறுபாடு சம்மதத்தில். ஷாபி மத்ஹபில் கன்னிப்பெண்ணின் தந்தை, பகையின்மை, பொருத்தம் முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவளைக் கேட்காமலே மணமுடித்துவைக்கலாம், கேட்பது சுன்னத் (விரும்பத்தக்கது). ஹனபியில் பருவமடைந்தவளைக் கட்டாயப்படுத்த எவருக்கும் அதிகாரமில்லை. தந்தை தன் விருப்பத்துக்கு மாறாகச் செய்துவைத்த மணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணியின் திருமணத்தை நபிகள் நாயகம் (ஸல்) ரத்து செய்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர் முன்பே மணமானவர் என்பதால் அத்தீர்ப்பு கன்னியருக்கும் பொருந்துமா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். இந்த வேறுபாடு நீதிமன்றத்துக்கும் போனது: 1864இல் பம்பாய் உயர்நீதிமன்றம், ஷாபியாக இருந்த பருவமடைந்த பெண் ஹனபிக்கு மாறித் தந்தையின் சம்மதமின்றி மணந்துகொள்ளலாம் என்று ஏற்றது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படாதது அங்கே நீண்ட சர்ச்சையானது.

நம் ஊர் நடைமுறை பெரும்பாலும் பேணுதலான பாதையில் போகிறது. வலீ சபையில் இருக்கிறார். இரு ஆண்கள் சாட்சி. வக்கீல் (வலீயின் சார்பாளர்) சாட்சிகளோடு போய்ப் பெண்ணிடம் கேட்டு வருகிறார். தஃப்தரில் அவள் கையொப்பமிடுகிறாள். இதனால் இரு மத்ஹபுகளின் நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறுகின்றன. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாட்களுக்குள் அரசிடமும் பதிய வேண்டும்.

குறை இருப்பது கேட்கும் விதத்தில். மண்டபம் நிரம்பி, பிரியாணி தம்மில் இருக்கும்போது கேட்டால் எந்தப் பெண் மறுப்பாள்? கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற சலுகை, வெட்கத்தால் பேசாதவளுக்காகத் தரப்பட்டது. அச்சத்தால் பேசாதவளுக்காக அல்ல. ஆகவே மாப்பிள்ளை பற்றியும் மஹர் பற்றியும் நிச்சயத்துக்கு முன்பே, அவள் தயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நேரத்தில், தந்தையோ தாயோ தனியே கேட்டுவிட வேண்டும். ஷாபி சொல்லும் சுன்னத்தும் ஹனபி சொல்லும் நிபந்தனையும் அங்கே ஒன்றாகிவிடும்.