தீர்வு இல்லை என்பதும் விடையே

எம் தோட்டப் பள்ளியில் பயின்று, இப்பொழுது இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, அண்மையில் இயற்கணிதப் பயிற்சி நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைக் காண வந்தாள். "ஐயா, இந்தக் கணக்கை நான்கு முறை செய்துவிட்டேன். விடை வரவில்லை" என்றாள். அழித்து அழித்து அவளுடைய ஏட்டின் தாளே கிழிந்திருந்தது.

கணக்கு இதுதான்: 3(க + 2) = 3க + 8. அடைப்பை நீக்கினால் 3க + 6 = 3க + 8 ஆகும். இருபுறமும் 3க கழித்தால் 6 = 8 என நிற்கும். மாணவி நான்கு முறையும் இந்த இடத்திற்குச் சரியாகவே வந்திருக்கிறாள். வந்தபின், தவறு தன்னுடையதே என்றெண்ணி அழித்திருக்கிறாள். நூலின் இறுதிப் பக்கமோ விடை 0 என்கிறது. க இருக்குமிடத்தில் 0 இட்டுப் பார்த்தால் இடப்புறம் 6, வலப்புறம் 8. நூலாசிரியர் இதனை ஒருமுறை சோதித்திருக்கலாகாதா?

அண்ணனுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு வயது. எத்தனை ஆண்டு கழித்துத் தம்பி அண்ணன் வயதை எட்டுவான் என்று கேட்டால் சிறுபிள்ளையும் சிரிக்கும். இருவரும் ஒரே அளவில் வளர்கின்றனர். இடையிலுள்ள இரண்டு என்றும் குறையாது. மேற்கண்ட சமன்பாடும் அத்தகையதே. தீர்வு இல்லை என்பதே அதன் விடை. வலப்புறத்தில் 8-க்குப் பதில் 6 இருந்திருந்தால், எல்லா எண்களும் அதற்குத் தீர்வாகியிருக்கும்.

அதே நூல் மற்றோரிடத்தில் 5க = 3க என்பதை எடுத்துக்கொண்டு, இருபுறமும் க-வை அடித்துவிட்டு, 5 = 3 ஆதலால் தீர்வு இல்லை என்று முடிக்கிறது. க-வால் வகுக்கும் பொழுது அது 0 அன்று என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். 3க-வைக் கழித்துப் பாருங்கள்: 2க = 0; ஆகவே க = 0. இல்லாத இடத்தில் 0-வை வைத்த நூல், 0 இருந்த இடத்தில் இல்லை என்கிறது!

'இல்லை' என்று சொல்லுமுன் எவ்வகை எண்களுள் தேடினோம் என்பதையும் கூறவேண்டும். அலெக்சாந்திரியாவின் தயபாந்தசு 4க + 20 = 4 என்பது போன்ற சமன்பாட்டைப் பொருந்தாதது என்று ஒதுக்கினார். அவருக்கு எதிர்மறை எண் கிடையாது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எதிர்மறை எண்களைக் கடன் என்று கொண்டு அவற்றுக்கு விதி வகுத்தார். அவ்வெண்களை ஏற்றுக்கொண்ட நமக்கு விடை -4. ஆனால் மாணவியின் சமன்பாட்டிற்கோ, நாம் பள்ளியில் கற்கும் எவ்வகை எண்ணும் உதவாது.

நூலின் அச்சு நன்று. பயிற்சிகளும் எளிதிலிருந்து கடினத்திற்கு முறையாகச் செல்கின்றன. ஆயினும் ஒவ்வொரு கணக்கிற்கும் ஓர் எண் விடையாக வந்தே தீரவேண்டும் என்னும் பழக்கத்தை இத்தகைய நூல்கள் வளர்க்கின்றன. ஆசிரியர்களாகிய நாமும் அதற்குத் துணை போகிறோம். அதனால் பிள்ளைகள் தம் அறிவு கண்டதை விட்டு, நூலின் இறுதிப் பக்கத்தை நம்பப் பழகுகின்றனர். பத்துக் கணக்கு கொடுத்தால் ஒன்றேனும் தீர்வற்றதாக இருக்கட்டும். அதற்குக் காரணமும் எழுதச் சொல்வோம்.

அந்த மாணவியை ஐந்தாம் முறையாக எழுதச் சொன்னேன். 6 = 8 என்ற வரியின் கீழ், "இது பொய்; ஆகவே தீர்வு இல்லை" என்று எழுதினாள். சிவப்பு மையால் சரி என்று குறியிட்டுக் கொடுத்தேன்.